ஜிபே பண்ணினால் காசு பிடிப்பதில்லையே, ஏன் தெரியுமா?

செஞ்சிக்கு வடக்கே, தேசூர் பக்கத்தில் இருக்கிறது சீயமங்கலம். திருவண்ணாமலை மாவட்டம், வந்தவாசி வட்டம். ஏழாம் நூற்றாண்டில் முதலாம் மகேந்திரவர்மன் இங்கே ஒரு பாறையைக் குடைந்து சிவனுக்குக் கோயில் எடுத்தான். 'லளிதாங்குரன்' என்ற தன் பட்டப்பெயரில் கல்வெட்டு வெட்டி, கோயிலுக்கு 'அவனிபாஜன பல்லவேசுவரம்' என்று பெயரும் வைத்தான். தமிழ்நாட்டின் மிகப் பழைய ஆடும் சிவன் சிற்பங்களில் ஒன்று இந்தக் குகைக்கோயிலில்தான் இருக்கிறது!

அந்தச் சிற்பத்தைப் பார்க்கப் போகிறவர், வழியில் ஒரு டீ குடிக்கிறார். பத்து ரூபாய். பையில் சில்லறை இல்லை. போனை எடுக்கிறார், ஸ்கேன் செய்கிறார், நாலு எண்ணோ ஆறு எண்ணோ தட்டுகிறார். டீக்கடைக்காரர் கணக்கில் முழுசாகப் பத்து ரூபாய்! பத்து பைசாகூடக் குறையவில்லை. ஏடிஎம்முக்குக் கட்டணம், செக் புக்குக்குக் கட்டணம், எஸ்எம்எஸ்ஸுக்குக் கட்டணம் என்று எதற்கெடுத்தாலும் பிடிக்கிற வங்கி, இதற்கு மட்டும் ஏன் பிடிக்கவில்லை? அந்தச் செலவு யார் தலையில் விழுகிறது? ஒவ்வொன்றாக அவிழ்ப்போம், வாங்க!

நீங்கள் ஒரு முறை கண் சிமிட்டுவதற்குள் எத்தனை பேர் பணம் அனுப்புகிறார்கள், தெரியுமா?

2025 ஆகஸ்டில் மட்டும் நாடு முழுக்க, ஜிபே போன்ற செயலிகள் ஓடும் யுபிஐ என்ற அமைப்பு வழியாக நடந்த பரிவர்த்தனைகள் 2,001 கோடி! தொகை 24.85 லட்சம் கோடி ரூபாய். 31 நாளால் வகுத்தால் நாளொன்றுக்கு 64 கோடிக்கு மேல். விநாடிக்குக் கணக்குப் போட்டால் ஏறக்குறைய 7,500. நடுச்சாமம், விடியற்காலை எல்லாவற்றையும் சேர்த்த சராசரி இது. சாயங்காலக் கடைத்தெரு நேரத்தில் எவ்வளவு எகிறும் என்று நீங்களே யோசித்துப் பாருங்கள்!

2016 அக்டோபரில், யுபிஐ செயலிகள் வந்த புதிதில், மாதம் முழுக்க நடந்தவை சுமார் 1 லட்சம்தான். இன்றைக்கு அந்த 1 லட்சம் கால் நிமிடத்துக்குள் முடிந்துவிடுகிறது.

ரகுராம் ராஜனுக்கும் உங்கள் டீக்கடைக்கும் என்ன சம்பந்தம், தெரியுமா?

யுபிஐ-யை 2016 ஏப்ரல் 11 அன்று மும்பையில் தொடங்கி வைத்தவர் அன்றைய ரிசர்வ் வங்கி ஆளுநர் ரகுராம் ராஜன். அப்போது அதில் இணைந்திருந்தவை 21 வங்கிகள். ஆகஸ்ட் கடைசியில் செயலிகள் வந்தன. நவம்பர் 8 ராத்திரி 500, 1000 ரூபாய் நோட்டுகள் செல்லாது என்ற அறிவிப்பு வந்தது. ஏடிஎம் வாசலில் வரிசை நின்ற அந்த நாட்களில்தான் பலர் முதன்முறையாகப் போனில் பணம் அனுப்பப் பழகினார்கள். டிசம்பர் 30-இல் அரசின் பீம் செயலி வந்தது. 2017 செப்டம்பரில் கூகுள் 'தேஸ்' என்று ஒன்றைக் கொண்டுவந்தது. மறு ஆண்டே அது 'கூகுள் பே' ஆகி, நம் ஊர் வாயில் 'ஜிபே' ஆயிற்று. எந்தச் செயலியில் அனுப்பினாலும் "ஜிபே பண்ணிட்டேன்" என்றுதானே சொல்கிறோம்!

உங்கள் தாத்தா ஆயிரம் ரூபாய் அனுப்ப எவ்வளவு கட்டினார், தெரியுமா?

இந்திய அஞ்சல் துறை மணியார்டரைத் தொடங்கியது 1880-இல். கமிஷன் 20 ரூபாய்க்கு 1 ரூபாய் என்று இருந்தது. அதாவது 5 சதவீதம்! பட்டணத்தில் வேலை பார்த்தவர் ஊருக்கு ஆயிரம் ரூபாய் அனுப்பினால் 50 ரூபாயை அஞ்சலகத்தில் தனியாக வைக்க வேண்டும். பணம் போய்ச் சேரச் சில நாள் ஆகும். பழைய காகித மணியார்டரை 2015-இல் நிறுத்தி, மின்னணு முறைக்கு மாற்றிவிட்டார்கள்.

இன்றைக்கு அதே ஆயிரம், கட்டணம் பூஜ்யம், நேரம் சில விநாடி. ஆனால் ஒன்றை மறக்கக் கூடாது. மணியார்டர் வீட்டுத் திண்ணைக்கே வந்தது. தபால்காரர் நோட்டை எண்ணிக் கையில் கொடுத்தார். யுபிஐ-யில் வருவது கணக்கில் ஏறும் எண்தான். அதை நோட்டாக்க பாட்டி யாரிடமாவது போக வேண்டும். அதற்காகத்தான் 2018 செப்டம்பர் 1-இல் வந்தது இந்தியா போஸ்ட் பேமென்ட்ஸ் வங்கி. கைரேகைக் கருவியோடு தபால்காரரே வீடு தேடி வருகிறார்!

உங்கள் பத்து ரூபாய் எங்கெல்லாம் சுற்றிவிட்டு வருகிறது, தெரியுமா?

நீங்களும் கடைக்காரரும் நிற்பது ரெண்டடி தூரத்தில். ஆனால் செய்தி போகும் வழி அப்படி நேர்வழி இல்லை! முதலில் உங்கள் செயலிக்குப் பின்னால் இருக்கும் வங்கிக்கு. அங்கிருந்து என்பிசிஐ என்ற இந்திய தேசியக் கொடுப்பனவுக் கழகத்துக்கு. மும்பையைத் தலைமையிடமாகக் கொண்ட இந்த நிறுவனம் 2008-இல் உருவானது. லாப நோக்கம் இல்லாதது. அது உங்கள் கணக்கு இருக்கும் வங்கியிடம் "10 ரூபாய் கழி" என்கிறது. கழித்தாயிற்று என்று பதில் வந்ததும் கடைக்காரரின் வங்கியிடம் "10 ரூபாய் சேர்" என்கிறது. சேர்த்தாயிற்று என்ற பதில் வந்த பிறகே உங்கள் திரையில் பச்சை டிக்!

இதைவிட ஆச்சரியம் இருக்கிறது. அந்த நொடியில் வங்கிக்கும் வங்கிக்கும் நடுவே பணம் கைமாறுவதே இல்லை! கணக்கு மட்டும்தான் எழுதப்படுகிறது. ஒரு நாளில் பல சுற்றுகளாக, யார் யாருக்கு எவ்வளவு தர வேண்டும் என்று கழித்துக் கூட்டி, மிச்சம் நிற்கிற தொகையை மட்டும் ரிசர்வ் வங்கியில் நேர் செய்துகொள்கிறார்கள். கடைக்காரருக்கு உடனே, வங்கிகளுக்கு அப்புறம்!

இதற்கும் முன்னோடி உண்டு. 24 மணி நேரமும் உடனடிப் பணம் அனுப்பும் ஐஎம்பிஎஸ் 2010 நவம்பரிலேயே வந்துவிட்டது. அதில் எதிராளியின் கணக்கு எண், கிளைக் குறியீடு என்று நீளமாகத் தட்ட வேண்டியிருந்தது. பல வங்கிகள் கட்டணமும் வாங்கின. யுபிஐ அந்த அடித்தளத்தின் மேல் ஏறி நின்றுதான் இவ்வளவு சுலபமானது.

உங்களுக்கு இலவசம். ஆனால் 800 ரூபாய் அனுப்ப ஆகும் செலவு எவ்வளவு, தெரியுமா?

2 ரூபாய்! 2022 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கி வெளியிட்ட கருத்தறிக்கையிலேயே இருக்கிறது இந்தக் கணக்கு. கடைக்கு 800 ரூபாய் யுபிஐ-யில் போனால், இரு பக்க வங்கிகள், செயலி, என்பிசிஐ எல்லோருக்குமாகச் சேர்த்து ஆகும் செலவு சுமார் 2 ரூபாய். கணினி, மின்சாரம், பாதுகாப்பு, புகார் கேட்க ஆள் எல்லாம் அதில் அடக்கம்.

அதை ஏன் கடைக்காரரிடம் வாங்கவில்லை? சட்டம் தடுக்கிறது! 2020 ஜனவரி 1 முதல் ரூபே டெபிட் கார்டுக்கும் யுபிஐ-க்கும் வணிகரிடம் பிடிக்கும் எம்டிஆர் கட்டணம் பூஜ்யம். கொடுப்பனவுச் சட்டத்தில் இதற்காகவே 10ஏ என்று ஒரு பிரிவைச் சேர்த்தார்கள்.

அப்படியானால் 2 ரூபாயை யார் தருவது? கொஞ்சத்தை அரசு தருகிறது, அதாவது நம் வரிப்பணம். 2024-25-க்கு மத்திய அமைச்சரவை ஒதுக்கிய ஊக்கத்தொகை 1,500 கோடி ரூபாய். சிறு வணிகர்களுக்கு 2,000 ரூபாய் வரை வரும் பரிவர்த்தனைக்கு 0.15 சதவீதம். 800 ரூபாய்க்குக் கணக்குப் போட்டால் 1 ரூபாய் 20 பைசா. 1,500 கோடி பெரிய தொகையாகத்தான் தெரிகிறது. ஆனால் அந்த ஆண்டு நடந்த மொத்த யுபிஐ பரிவர்த்தனைகள் 18,587 கோடி! 1,500 கோடியை அத்தனைக்கும் பிரித்துப் பார்த்தால் ஒன்றுக்கு 8 பைசாதான். மீதியை வங்கிகளும் செயலிகளும் சுமக்கின்றன. சும்மா சுமப்பார்களா? கடன் விளம்பரம், காப்பீட்டு விளம்பரம், தங்கம் வாங்கச் சொல்லும் விளம்பரம் எல்லாம் உங்கள் செயலியில் ஏன் வரிசை கட்டி நிற்கின்றன என்பது இப்போது புரிகிறதா?

ரீசார்ஜ் செய்யும்போது ஒரு ரூபாய் கூடப் போகிறதே, கவனித்தீர்களா?

போன் ரீசார்ஜுக்கு 1 ரூபாய், 2 ரூபாய், 3 ரூபாய் என்று ஒரு சின்னத் தொகை! போன்பே 2021-இலும் கூகுள் பே 2023-இலும் இதைத் தொடங்கின. இது யுபிஐ கட்டணம் இல்லை. செயலி தன் சேவைக்குப் பிடிப்பது. பொடி எழுத்தில் இருக்கும். கட்டை விரல் அவசரத்தில் தாண்டிப் போய்விடும். அதே ரீசார்ஜை அந்தந்தத் தொலைபேசி நிறுவனத்தின் செயலியில் செய்து, இந்தத் தொகை வருகிறதா என்று ஒப்பிட்டுப் பாருங்கள்.

யுபிஐ-க்கு வங்கிகள் கட்டணம் பிடித்து, பிறகு திருப்பித் தரச் சொல்லப்பட்ட கதை தெரியுமா?

2020-இல் சில வங்கிகள் ஒரு வித்தை செய்தன. மாதம் 20 தடவைக்கு மேல் ஆளுக்கு ஆள் பணம் அனுப்பினால், ஒவ்வொன்றுக்கும் 2.50 ரூபாய், 5 ரூபாய் என்று பிடித்தன. விஷயம் வெளியே வந்தது. 2020 ஆகஸ்ட் 30 அன்று மத்திய நேரடி வரிகள் வாரியம் சுற்றறிக்கை விட்டது: ஜனவரி 1 முதல் பிடித்ததைத் திருப்பிக் கொடுங்கள், இனிமேல் பிடிக்காதீர்கள்!

2023-இல் இன்னொரு பீதி. "2,000 ரூபாய்க்கு மேல் ஜிபே பண்ணினால் 1.1 சதவீதம் பிடிப்பார்கள்" என்று வாட்ஸ்அப் முழுக்கத் தகவல் பறந்தது. உண்மை என்ன? பேடிஎம் வாலட் போன்ற பணப்பைகளில் ஏற்றி வைத்த பணத்தை யுபிஐ வழியாகக் கடைக்குச் செலுத்தினால், வணிகர் தரப்பில் பிடிக்கும் கட்டணம் அது. வங்கிக் கணக்கிலிருந்து நேராக அனுப்பும் நமக்கு அன்றும் பூஜ்யம், இன்றும் பூஜ்யம். 2025 ஜூனில் மறுபடி இதே மாதிரி புரளி கிளம்பியபோது நிதி அமைச்சகமே மறுத்தது.

சென்னைக்காரருக்கு 3, செஞ்சிக்காரருக்கு 5! என்ன கணக்கு, தெரியுமா?

இந்த ஒரு விஷயத்தில் செஞ்சிக்காரர் சென்னைக்காரரை ஜெயித்துவிட்டார்! அடுத்த வங்கி ஏடிஎம்மில் மாதத்துக்கு இலவசமாகச் செய்யக்கூடியவை, சென்னை உட்பட ஆறு பெருநகரங்களில் 3. மற்ற ஊர்களில் 5. சொந்த வங்கி ஏடிஎம்மில் எங்கேயும் 5.

அதைத் தாண்டினால்? 2025 மே 1 முதல் ஒரு தடவைக்கு அதிகபட்சம் 23 ரூபாய். 18 சதவீத ஜிஎஸ்டி சேர்த்தால் 27 ரூபாய் 14 பைசா! அவசரத்துக்கு நூறு ரூபாய் எடுக்கப் போனவருக்குக் கால்வாசி கட்டணத்திலேயே போய்விடும். 'பேலன்ஸ் பார்க்கத்தானே போனேன்' என்றாலும், இலவசக் கணக்கில் அதுவும் ஒன்றாகச் சேரும். கணக்கில் பணமில்லாமல் எந்திரம் கைவிரித்தால், அதற்கும் சில வங்கிகள் அபராதம் போடுகின்றன. இல்லாத பணத்தைக் கேட்டதற்கும் கட்டணம்!

நீங்கள் இலவசமாக எடுக்கும்போதும் அது யாருக்கும் இலவசம் இல்லை. உங்கள் வங்கி, அந்த ஏடிஎம்மின் சொந்தக்கார வங்கிக்குத் தடவைக்கு 19 ரூபாய் கொடுக்கிறது. நீங்கள் போனில் அனுப்புவதை வங்கிகள் ஏன் சகித்துக்கொள்கின்றன என்பதற்கு ஒரு விடை இங்கே இருக்கிறது. நோட்டை வண்டியில் ஏற்றி, காவலோடு கொண்டுவந்து, எந்திரத்தில் நிரப்பும் செலவு அவர்களுக்கு மிச்சம்.

அதே வங்கி, அதே பணம். கவுன்ட்டரில் 17.70, போனில் பூஜ்யம்! தெரியுமா?

ஒன்றரை லட்சம் ரூபாயை நெஃப்ட் முறையில் அனுப்பக் கிளைக்குப் போய்ப் படிவம் நிரப்பிக் கொடுத்தால், வங்கி அதிகபட்சம் 15 ரூபாயும் ஜிஎஸ்டியும் வாங்கலாம், ஆக 17.70. அதையே சேமிப்புக் கணக்குக்காரர் இணையத்திலோ செயலியிலோ அனுப்பினால் 2020 ஜனவரி 1 முதல் கட்டணம் கிடையாது! பணம் வந்து சேருகிறவருக்கு எப்படி அனுப்பினாலும் கட்டணம் இல்லை. செஞ்சி ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்தில் நெல் விற்ற விவசாயிக்கு நெஃப்ட்டில் வரும் தொகையில் அதற்கென்று ஒரு ரூபாயும் குறையக் கூடாது.

முன்பு நெஃப்ட்டுக்கு வேலை நேரம் உண்டு. ஞாயிற்றுக்கிழமை லீவு, இரண்டாவது சனிக்கிழமை லீவு. 2019 டிசம்பர் 16 முதல் அது 24 மணி நேரமும். பெரிய தொகைக்கான ஆர்டிஜிஎஸ் 2020 டிசம்பர் 14 முதல். பொங்கலன்று விடியற்காலை மூன்று மணிக்குக்கூடக் கோடி ரூபாய் அனுப்பலாம், கையில் இருந்தால்!

மினிமம் பேலன்ஸ் இல்லை என்று பிடித்தே கணக்கை மைனஸ் ஆக்க முடியுமா?

முடியாது! குறைந்தபட்ச இருப்பு இல்லை என்பதற்காக மட்டும் அபராதம் போட்டுச் சேமிப்புக் கணக்கைப் பூஜ்யத்துக்குக் கீழே இறக்கக் கூடாது என்று 2014-லேயே ரிசர்வ் வங்கி சொல்லிவிட்டது. ஸ்டேட் வங்கி 2020 மார்ச்சில் அந்த அபராதத்தையே கைவிட்டது. கனரா வங்கி 2025 ஜூனில். சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட இந்தியன் வங்கி 2025 ஜூலை 7 முதல்.

அப்போதும் கவலையா? 'அடிப்படைச் சேமிப்புக் கணக்கு' என்று ஒன்று எல்லா வங்கியிலும் உண்டு. அதில் இருப்பே வைக்க வேண்டாம். ஜன்தன் கணக்குகள் இந்த வகைதான். நூறு நாள் வேலைக் கூலியும் முதியோர் உதவித்தொகையும் வந்து விழும் கணக்கில் மாசாமாசம் அபராதம் போகிறது என்றால், கிளையில் போய்க் கேட்டு வகையை மாற்றிக்கொள்ளலாம்.

க்யூஆர் கட்டத்தைக் கண்டுபிடித்தவருக்கு நீங்கள் எவ்வளவு கட்டினீர்கள், தெரியுமா?

ஒன்றுமே இல்லை! 1994-இல் ஜப்பானின் டென்சோ நிறுவனத்தில் மசாஹிரோ ஹாரா என்ற பொறியாளர் உருவாக்கியது அது. கார் உதிரி பாகங்களை எண்ணிக் கணக்கு வைப்பதற்காக! வெள்ளையும் கறுப்புமாகக் காய் வைத்து விளையாடும் 'கோ' பலகைதான் அவருக்கு யோசனை தந்தது. காப்புரிமை கையில் இருந்தும் அந்த நிறுவனம் யாரிடமும் உரிமைத்தொகை கேட்கவில்லை. கேட்டிருந்தால் பெட்டிக்கடை, பூக்கடை எல்லாம் இதை ஒட்டியிருக்குமா?

மூன்று மூலையில் இருக்கும் சதுரங்கள் எதற்கு? எந்தக் கோணத்தில் காட்டினாலும் கேமரா "இதோ இங்கே" என்று பிடித்துக்கொள்ள. எண்ணெய்க் கறை, கிழிசல், வெயிலில் வெளுத்தல் எதற்கும் அது அசராது. உச்சகட்டத் திருத்த அமைப்பில் சுமார் 30 சதவீதம் பழுதானாலும் படித்துவிடும்! ஆனால் கடைக்காரர்களே, உங்கள் அட்டை மேல் வேறொருவர் தன் அட்டையை ஒட்டிவிட்டுப் போனால் அதையும் அழகாகப் படித்துவிடும். காலையில் கடை திறந்ததும் ஒரு தடவை பெயரைச் சரிபார்த்துவிடுங்கள்.

'பணம் வந்துவிட்டது' என்று பேசும் பெட்டிக்கு வாடகை உண்டு, தெரியுமா?

அந்தப் பெட்டிக்குள் தனி சிம் கார்டு இருக்கிறது. கடைக்காரரின் போன் வீட்டில் கிடந்தாலும் பெட்டி தானே செய்தி வாங்கித் தமிழில் சொல்லும். ரெண்டு கையிலும் மாவோடு பரோட்டா போடுகிறவருக்கு இது எவ்வளவு பெரிய உதவி! ஆனால் பல நிறுவனங்கள் இதற்கு மாத வாடகை வாங்குகின்றன. சட்டப்படி எம்டிஆர் பூஜ்யம்தான். காசு வேறு வாசல் வழியாக உள்ளே வந்துவிட்டது! நாளுக்கு நாலு பேர் மட்டும் ஸ்கேன் செய்யும் சின்னக் கடைக்கு இந்த வாடகை கட்டுப்படியாகுமா என்று கணக்குப் போட்ட பிறகே வாங்க வேண்டும்.

சின்ன ஊர்களில் இந்தக் கருவிகள் பரவ, 2021 ஜனவரியில் ரிசர்வ் வங்கி தனி நிதியே தொடங்கியது. அதில் பின்னாளில் பேசும் பெட்டியையும் சேர்த்தார்கள்.

பட்டன் போனிலும் யுபிஐ! தெரியுமா?

ஆமாம்! 2022 மார்ச் 8-இல் வந்தது யுபிஐ 123பே. இணையம் வேண்டாம், டச் ஸ்கிரீன் வேண்டாம். எண்ணை அழைத்து, குரல் சொல்கிறபடி பட்டனைத் தட்டினால் பணம் போகும். அதற்கும் முன்பே *99# என்று தட்டி அனுப்பும் முறை வந்துவிட்டது, தமிழிலும் இயங்கும். இதற்குத் தொலைபேசி நிறுவனங்கள் ஒரு தடவைக்கு 50 பைசா வரை வாங்கிக்கொண்டிருந்தன. 2022-இல் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் டிராய் அதையும் பூஜ்யமாக்கியது.

இன்னொன்று: யுபிஐ லைட். சின்னத் தொகைகளுக்கு 'பின்' எண் தட்டவே வேண்டாம். ஒரு தடவைக்கு 1,000 ரூபாய் வரை. லைட் பணப்பையில் 5,000 வரை ஏற்றி வைக்கலாம். டீ, வாழைப்பழம், பஸ் டிக்கெட் ஒவ்வொன்றும் பாஸ்புக்கில் தனித்தனி வரியாக ஏறாது. ஏற்றிய தொகை மட்டும் ஒரே வரி!

2024 ஆகஸ்டில் யுபிஐ சர்க்கிள் வந்தது. சென்னையில் வேலை செய்கிற மகன், ஊரில் இருக்கும் அம்மாவைத் தன் வட்டத்தில் சேர்க்கலாம். அம்மா கடையில் ஸ்கேன் செய்வார். பணம் மகன் கணக்கிலிருந்து போகும். முழுப் பொறுப்பாக விட்டால் மாதத்துக்கு 15,000 ரூபாய் வரை. "அம்மா, காசு இருக்கா?" என்று கேட்கும் வேலை மிச்சம். ஆனாலும் போன் பண்ணிப் பேசுங்க!

ஒரு வங்கி படுத்தால் கோடிக்கணக்கான போன்கள் படுக்கும், தெரியுமா?

2020 மார்ச் 5 சாயங்காலம் யெஸ் வங்கிக்குக் கட்டுப்பாடு விதித்தார்கள். 50,000 ரூபாய்க்கு மேல் எடுக்க முடியாது. அந்த வங்கியில் கணக்கே இல்லாதவர்களின் போன்பே கூட அன்றிரவு நின்றுபோனது! காரணம், அன்றைக்குப் போன்பேவுக்குப் பின்னால் நின்ற ஒரே வங்கி அதுதான். இப்போது பெரிய செயலிகள் பல வங்கிகளோடு சேர்ந்து ஓடுகின்றன.

சென்னைக்கு இந்த அடி புதிதல்ல. 1906-இல் ஆர்பத்நாட் கம்பெனி திவாலாகி ஆயிரக்கணக்கானோர் சேமிப்பு போயிற்று. அந்த அதிர்ச்சியில், வி. கிருஷ்ணசாமி ஐயர் போன்றோர் முயற்சியில் 1907-இல் பிறந்ததுதான் இந்தியன் வங்கி. ஆகவே, ஒரே செயலி, ஒரே வங்கி என்று இருக்க வேண்டாம். முந்தானையில் முடிந்த நூறு ரூபாய் நோட்டுக்கும் இன்னும் மவுசு உண்டு!

தேசிங்கு ராஜாவுக்கும் பாக்கிக்கும் தொடர்பு உண்டு, தெரியுமா?

1714-இல் ஆற்காட்டு நவாப் சாதத்துல்லா கானோடு நடந்த போரில் செஞ்சிக் கோட்டையின் தேசிங்கு ராஜா மாண்ட கதையைத் தெருக்கூத்திலும் நாட்டுப்பாடலிலும் கேட்டு வளர்ந்த மண் இது. அந்தச் சண்டைக்கு ஒரு காரணம் கப்பப் பாக்கி! கணக்கு யார் பக்கம் என்ற வழக்கு இந்தக் கோட்டைக்குப் புதிதல்ல.

இன்றைக்கு யுபிஐ-யில் கட்டணம் இல்லை. ஆனால் கணக்கு உண்டு. 2025 ஜூலையில் கர்நாடகத்தில் சிறு வியாபாரிகள் பலருக்கு, யுபிஐ வரவைக் காட்டி ஜிஎஸ்டி நோட்டீஸ் வந்தது. பயந்துபோன கடைகள் "நோ யுபிஐ, ஒன்லி கேஷ்" என்று எழுதி ஒட்டின. பொருள் விற்பவருக்கு ஆண்டு விற்றுமுதல் 40 லட்சம் ரூபாய் தாண்டினால்தான் பொதுவாக ஜிஎஸ்டி பதிவு தேவை. பாலுக்கும் காய்கறிக்கும் வரியே இல்லை. சொந்தக்காரர் அனுப்பிய கைமாற்றும் கடை வரவும் ஒரே கணக்கில் கலந்து கிடந்தால் விளக்கம் சொல்ல முடியாமல் திணற வேண்டி வரும். கடைக்கு ஒன்று, வீட்டுக்கு ஒன்று என்று கணக்கைப் பிரித்துக்கொண்டால் பாதித் தலைவலி தீர்ந்தது.

செஞ்சிக் கோட்டையைப் பிடித்தவர்கள் ஊரில் உங்கள் போன் செல்லும், தெரியுமா?

1750-இல் பிரெஞ்சுத் தளபதி புஸ்ஸி செஞ்சிக் கோட்டையைப் பிடித்தார். 2024 பிப்ரவரியில் பாரிஸின் ஈபிள் கோபுரத்துக்கு யுபிஐ-யில் டிக்கெட் வாங்கும் வசதி வந்தது! அதே பாரிஸில் நடந்த யுனெஸ்கோ கூட்டத்தில்தான் 2025 ஜூலையில் செஞ்சிக் கோட்டைக்கு உலகப் பாரம்பரியத் தகுதி கிடைத்தது. மராட்டிய ராணுவக் கோட்டைகள் 12-இல் தமிழ்நாட்டில் இருப்பது இது ஒன்றுதான்.

2024 பிப்ரவரி 12 முதல் இலங்கையிலும் மொரீஷியஸிலும் யுபிஐ செல்லும். சிங்கப்பூரின் பேநவ்-வோடு 2023 பிப்ரவரி 21-லேயே இணைப்பு வந்துவிட்டது. தொடக்கத்தில் அதில் சேர்ந்த வங்கிகளில் இரண்டு சென்னைக்காரர்கள்: இந்தியன் வங்கி, இந்தியன் ஓவர்சீஸ் வங்கி. இரண்டாவது வங்கி 1937 பிப்ரவரி 10 அன்று காரைக்குடி, சென்னை, ரங்கூன் மூன்றிலும் ஒரே நாளில் திறந்தது! கடல் கடந்து பணம் அனுப்புவது நகரத்தாருக்குப் பழைய தொழில், கருவிதான் புதிது. ஆனால் வெளிநாட்டில் ஸ்கேன் செய்யும்போது நாணய மாற்று விகிதத்தைப் பாருங்கள். 'பூஜ்யம்' என்ற சட்டம் நம் எல்லைக்குள்தான்.

எல்லா நாட்டிலும் இப்படி இலவசமா? இல்லை! 2007-இல் கென்யாவில் தொடங்கி உலகையே வியக்க வைத்த எம்-பெசாவில் அனுப்புகிறவர் தொகைக்கேற்பக் கட்டணம் கொடுத்துத்தான் பழகினார். பிரேசிலின் பிக்ஸ் 2020 நவம்பரில் வந்தது. அங்கே தனியாட்களுக்கு இலவசம். வணிகரிடம் வங்கி கட்டணம் வாங்கலாம்.

இந்த இலவசம் எத்தனை நாள், தெரியுமா?

யாருக்கும் தெரியாது! செலவை யாராவது ஒருவர் ஏற்றுத்தான் ஆக வேண்டும் என்று ரிசர்வ் வங்கி ஆளுநர் சஞ்சய் மல்ஹோத்ரா 2025-இல் வெளிப்படையாகவே பேசினார். பெரிய வணிக நிறுவனங்களிடம் மட்டும் வாங்கலாம் என்பது வங்கித் தரப்பின் கோரிக்கை. டீக்கடையையும் பெட்டிக்கடையையும் விட்டுவிட்டு மாலில் வாங்கினால் நமக்கென்ன என்று தோன்றும். மால் அதை விலையில் ஏற்றி நம்மிடமே வாங்கிவிடும் என்பதும் தெரியும். எப்படிப் பார்த்தாலும் முடிவில் பணம் தருகிறவர் நாம்தான். இப்போது வரியாக, வாடகையாக, விளம்பரமாகத் தருகிறோம்; அவ்வளவுதான் வித்தியாசம்.

கடைசியாக, வங்கி உங்களுக்குக் கட்ட வேண்டிய கட்டணம் ஒன்று உண்டு, தெரியுமா?

ஆமாம், இது தலைகீழ்! 2019 செப்டம்பர் 20-இல் ரிசர்வ் வங்கி போட்ட உத்தரவு. ஆளுக்கு ஆள் அனுப்பிய யுபிஐ பணம் உங்கள் கணக்கில் கழிந்து, எதிராளிக்குப் போகவில்லையா? மறுநாளுக்குள் திரும்பி வர வேண்டும். கடைக்கு அனுப்பியது என்றால் 5 நாள் கெடு. ஏடிஎம்மில் கணக்குக் குறைந்து நோட்டு வராவிட்டாலும் 5 நாள். கெடு தாண்டினால் நாளொன்றுக்கு 100 ரூபாய் உங்களுக்கு! அதுவும் நீங்கள் புகார் கொடுக்காமலே வங்கி தானாகத் தர வேண்டும்.

யாராவது ஏமாற்றிப் பணத்தைப் பறித்துவிட்டால் உடனே 1930. பணம் உங்களுக்கு வர வேண்டியதென்றால் பின் தட்ட வேண்டிய அவசியமே இல்லை. "பின் போடுங்க, பணம் வரும்" என்பவன் திருடன். வங்கியில் புகார் கொடுத்து 30 நாளாகியும் பதில் இல்லையென்றால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளர் இருக்கிறார்; விவரம் கேட்க 14448. அங்கே புகார் கொடுக்க எவ்வளவு கட்டணம் தெரியுமா? அதுவும் பூஜ்யம்! பாஸ்புக்கை இன்றைக்கே என்ட்ரி போட்டு, கழிவு வரிகளை ஒவ்வொன்றாகப் படியுங்கள். புரியாத வரி ஒன்று இருந்தால், கிளையில் போய் "இது எதுக்குப் பிடிச்சீங்க?" என்று கேளுங்கள். பதில் சொல்ல அவர்கள் கடமைப்பட்டவர்கள்.